கலந்துரையாடும் நெறி

கிருட்டினகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் குந்தாரப்பள்ளி என்னும் ஊர் உள்ளது. வெள்ளிக்கிழமைதோறும் அங்குக் கூடும் கால்நடைச் சந்தை பெயர் பெற்றதாகும். பொழுது புலரும் வேளையிலேயே ஆடுகளும் மாடுகளும் வந்து நிறையும். பிற மாவட்டத்தாரும், கருநாடகத்தாரும், ஆந்திரத்தாரும் வாங்கவும் விற்கவும் அங்கே வருவர். ஒருபால் தமிழ் ஒலிக்கும். ஒருபால் தெலுங்கு ஒலிக்கும். கன்னடமும் உருதுவும் இடையிடையே கேட்கும். மொழியாலும் ஊராலும் வேறுபட்ட இத்துணை மக்களும் ஒரே களத்தில் நின்று, விலை பேசி, உடன்பட்டோ மறுத்தோ, நண்பகலுக்குள் தத்தம் வழியே செல்கின்றனர்.

நம் நாட்டுக் கால்நடைச் சந்தைகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம் ஒன்று உண்டு. தரகர் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போர்த்துவார். அதன் மறைவில் எதிரே நிற்பவரின் விரல்களைப் பற்றி விலையை உணர்த்துவார். கேட்டவிலை மிகக் குறைவாயின், விற்பவர் தலையசைத்து மறுத்துவிடுவார். இன்னார் இவ்வளவு குறைத்துக் கேட்டார் என்பதோ, இன்னார் இவ்வளவுக்கு இறங்கி வந்தார் என்பதோ சுற்றி நிற்பவர்க்குத் தெரியாது. மறுப்பும் நடந்தது, ஒருவருடைய மானமும் குறையவில்லை. எழுத்தறியாத உழவரும் கைக்கொண்ட இந்நுட்பத்தைக் கற்றவராகிய நாம் நம் பேச்சில் கைக்கொள்கின்றோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே! வகுப்பறையும் பலர் கூடும் ஓர் அவையே. இவ்வெல்லைப் பகுதியின் வகுப்பறையோ சந்தையைப் போலவே பன்மொழி கலந்தது. வீட்டில் தமிழ் பேசுவோர், தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர், உருது பேசுவோர் ஆகிய அனைவரும் ஒரே பலகையில் அமர்ந்திருப்பர். ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகியபின், வடமாநிலங்களிலிருந்து வேலை நாடி வந்தோர் பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்துள்ளனர். இத்தகைய அவையில் ஒருவரோடொருவர் கருத்துகளைப் பகிர்ந்து கற்பதே கலந்துரையாடல் எனப்படும். ஆசிரியர் ஒருவரே பேச, மாணவர் அனைவரும் கேட்பதினும், மாணவர் தாமும் வினவியும் விடைகூறியும் கற்பது மனத்தில் ஆழப் பதியும். ஆனால் அதற்கு நெறி வேண்டும். நெறியில்லாத உரையாடல் கரையில்லாத ஆற்றைப் போன்று பயன்படாது பரந்து கெடும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. இடையே உயர்வகுப்புகள் சில திங்கள் நடைபெற்று மீண்டும் நின்றன. 2021 செப்டம்பர் முதல்நாளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும், அவ்வாண்டு நவம்பர் முதல்நாளில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலும் பள்ளிகள் திறக்கப்பட்டன. அதுகாறும் வகுப்பறை, வீட்டுக்குள் கைப்பேசியின் சிறு திரையில் குடிபுகுந்தது. 2019ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களை அமைத்துப் பாடங்களையும் வினாக்களையும் அனுப்பினர். பள்ளிகள் திறந்த பின்னரும் இவ்வழக்கம் முற்றும் நீங்கவில்லை. வகுப்புக் குழுக்கள் இன்றும் உள்ளன. மாணவர் அவற்றில் இன்றும் உரையாடுகின்றனர்.

நேரில் அமர்ந்த வகுப்பிற்கும் இணையவழி வகுப்பிற்கும் சில வேறுபாடுகள் உள. அவற்றை முதற்கண் அறிந்துகொள்ளுதல் நன்று. நேரிற் பேசுங்கால் கேட்பவரின் முகம் நமக்கு எதிரே உள்ளது. நம் சொல் அவரை வருத்தியதாயின் அம்முகம் வாடுதலைக் கண்டு நாம் உடனே நிறுத்திக்கொள்வோம். கைப்பேசியில் எழுதுங்கால் அம்முகத்தை நாம் காண்பதில்லை. நேரில் சொல்லிய சொல் காற்றோடு போகும். எழுதிய சொல்லோ நிலைத்து நின்று மீண்டும் மீண்டும் படிக்கப்படும். நேரிற் கூறும் விளையாட்டுச் சொல்லைக் குரலும் புன்னகையும் விளையாட்டென்றே உணர்த்தும்; எழுத்தில் அக்குரல் இல்லாமையால் அச்சொல் பழிச்சொல்லாகவே தோன்றும். மேலும், வகுப்பறையில் நாற்பதின்மர் கேட்ட சொல்லை, இங்கே ஒரு விரல் தொட்ட அளவில் நானூற்றுவர்க்கு அனுப்பிவிடலாம். ஆகவே நேரில் வேண்டும் நாவடக்கத்தினும் இணையவழியில் வேண்டும் விரலடக்கம் மிகுதியாகும்.

இதனை நான் பிறர் சொல்லக் கேட்டு எழுதவில்லை, பட்டறிந்தே எழுதுகின்றேன். பள்ளிகள் மூடியிருந்த அந்நாளில் இப்பகுதிப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு யான் இணையவழியில் தமிழ் கற்பித்தேன். உரைநடைப் பகுதி ஒன்றைப் படித்துத் தம் குரலைப் பதிவுசெய்து குழுவில் அனுப்புமாறு மாணவரைப் பணித்தேன். கன்னடம் பேசும் குடும்பத்து மாணவி ஒருத்தி முதலாவதாக அனுப்பினாள். அவள் கோழி என்பதனைக் ‘கோளி’ என்றும், ஏழு என்பதனை ‘ஏளு’ என்றும் படித்திருந்தாள். உடனே சிரிக்கும் முகக்குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. மாணவன் ஒருவன் அவள் படித்தவாறே தானும் படித்துப் பகடியாகப் பதிவுசெய்து அனுப்பினான். வேறொருவன் அவள் குரலையே மற்றொரு குழுவிற்கு அனுப்பினான்.

அப்போது யான் செய்தது யாது? சிரித்தவரை யான் தடுத்தேன் அல்லேன். “ழகரம் பிழைபட்டது, திருத்திப் படித்து அனுப்புக” என்று அனைவரும் காணுமாறு அதே குழுவில் எழுதினேன். பிழையைத் திருத்துதல் ஆசிரியன் கடமை என்னும் எண்ணமே எனக்கு இருந்தது. ஆனால் சிரிப்பு எழுந்த இடத்தில், அச்சிரிப்பைக் கண்டிக்காது, பிழையை மட்டும் சுட்டியது சிரித்தவர்க்குத் துணைபோனதாயிற்று.

மறுநாள் அம்மாணவி வகுப்பிற்கு வரவில்லை. ஒரு வாரம் கழிந்தும் வரவில்லை. தொலைபேசியில் அவள் தாயை அழைத்தேன். “ஐயா, இனிமேல் படிக்கமாட்டேன் என்கிறாள், என்னோடு ரோசாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்க வருகிறேன் என்கிறாள்” என்று அவ்வம்மையார் கூறினார். பள்ளி மூடிக்கிடந்த அந்நாளில், வேலைக்குச் சென்ற பிள்ளை மீண்டும் பள்ளிக்கு வருதல் அரிது என்பதனை யான் அறிவேன். ஒரு பெண்ணின் கல்வியே, கைப்பேசியில் எழுந்த சில சிரிப்புக் குறிகளால் அறுந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவையில் பேசுவதற்கு விதி வகுத்தல் நமக்குப் புதியதோ எனின், அன்று. திருநெல்வேலி மாவட்டத்தில் மானூர் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கோயிலில் பாண்டியன் மாறன் சடையனின் முப்பத்தைந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. அது ஏறத்தாழ 1200 ஆண்டுகட்கு முற்பட்டதாகும். அவ்வூர் மகாசபையார் தம் அவை நடத்தும் முறைபற்றிச் செய்த முடிவுகளை அக்கல்வெட்டு எடுத்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்று மிகவும் சுவையானது. அவையில் எப்பொருள் எடுத்துக்கொள்ளப்பெற்றாலும் அதனை ‘அன்று, அன்று’ என்றே மறுத்து இடையூறு செய்வாரும், அவர்க்குத் துணை நிற்பாரும் அவ்வொவ்வொன்றிற்கும் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும் என்பது அம்முடிவு.

இதன் நுட்பத்தை ஊன்றி நோக்குக. மறுத்துப் பேசுதல் குற்றமென்று அச்சபையார் கூறவில்லை. எல்லாவற்றையும் மறுப்பதே தொழிலாகக் கொண்டு அவையை நடவாமற் செய்தலே குற்றமெனக் கொண்டனர். துணைநின்று கூச்சலிடுவார்க்கும் தண்டம் உண்டு என்றமையால், முதலில் இகழ்ந்தவனோடு உடன்சிரித்தவனும் குற்றத்தில் பங்காளி என்பது பெறப்படுகின்றது. அச்சபையில் நிலமும் சாத்திரக் கல்வியும் உடையார்க்கே இடம் இருந்தது. இன்றைய வகுப்பறையிலோ எல்லாக் குடியிற் பிறந்தார்க்கும், ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் ஒத்த இடம் உண்டு. சிலரே கூடிய அவைக்கு அத்துணைக் கட்டுப்பாடு வேண்டியிருந்ததெனின், அனைவரும் கூடும் அவைக்கு எத்துணை வேண்டும்!

மணிமேகலைக் காப்பியத்தின் முதற்காதையாகிய விழாவறை காதையில், புகார் நகரில் இந்திரவிழா நடைபெறவிருப்பதனை முரசறைந்து தெரிவிக்கின்றனர். நகரை அணிசெய்யுமாறு கூறும் அவ்வறிவிப்பிலேயே, சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையாக ஏறி வாதிடுக என்பதும், பகைவரிடத்திலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்பதும் இடம்பெறுகின்றன. வாதிடுவதற்கும் இடம் தந்தனர். பூசலுக்கும் தடை விதித்தனர். இவ்விரண்டும் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதே நம் முன்னோர் கண்ட உண்மை.

கௌதமர் இயற்றிய நியாய சூத்திரம் என்னும் வடமொழி நூல் சொற்போரை மூன்றாகப் பகுக்கின்றது. உண்மையை அறியும் விருப்பத்தோடு இருவர் காரணம் காட்டிப் பேசுதல் வாதம். உண்மை எப்படியாயினும் ஆகுக, யான் வெல்லுதல் வேண்டும் என்று பேசுதல் சற்பம். தனக்கென ஒரு கொள்கையும் இல்லாது, பிறர் கொள்கையை அழிப்பதே கருத்தாகப் பேசுதல் விதண்டை. விதண்டாவாதம் என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல் இதனின்றும் வந்ததே. வகுப்பறைக்கு உரியது இம்மூன்றனுள் முதலாவதே.

நன்னூலைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். அதனை இயற்றியவர் பவணந்தி முனிவர். இயற்றுவித்தவன் கங்கர் மரபினனாகிய சீயகங்கன். கங்கரின் பழைய தலைநகராகிய கோலார், நம் மாவட்டத்தின் எல்லையை அடுத்த பகுதியிலேயே உள்ளது. கன்னட நாட்டோடு தொடர்புடைய மன்னன் ஒருவன் வேண்டத் தமிழுக்குச் சிறந்த இலக்கணம் ஒன்று கிடைத்தது என்பதனை இவ்வெல்லைப் பகுதி மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். அந்நூல் எழுத்தையும் சொல்லையும் மட்டும் கூறவில்லை. கற்பிக்கும் முறையையும், கற்கும் முறையையும், வினவும் முறையையும், மாறுபடும் முறையையும் கூறுகின்றது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின், யான் முதலில் அம்மாணவியைத் தொலைபேசியில் அழைத்து, என் பிழையை ஒப்புக்கொண்டேன். அடுத்து, அவளை எவ்விடத்தில் நாணச் செய்தேனோ அவ்விடத்திலேயே, குழுவில் அனைவரும் காண, “பிழை படித்தவளிடத்தில் இல்லை, நம்மிடத்திலேயே உள்ளது. முதற்பிழை என்னுடையது” என்று எழுதினேன். பின்னர் மாணவர் அனைவரும் கூடி, உரையாடுதற்குச் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். ஆசிரியன் விதித்த விதியினும், தாமே வகுத்துக்கொண்ட விதியை மாணவர் விரும்பிக் காத்தனர். அவ்விதிகளை ஒவ்வொன்றாக இங்கே விளக்குகின்றேன்.

முதல்விதி, முழுவதும் கேட்டபின் பேசுதல். பிறர் கூறுவதன் முதல்வரியை மட்டும் படித்துவிட்டு விடை எழுதப் புகுவோர் பலர். அவர் கூறவந்த கருத்து நான்காம் வரியில் இருக்கக்கூடும். ஆதலால், முன்னர் எழுதியவர் கருத்து இது என்று தன் சொற்களால் ஒருமுறை மனத்தில் சொல்லிப் பார்த்து, ஐயமிருப்பின் அவரையே வினவித் தெளிந்து, அதன்பின் எழுதுதல் வேண்டும்.

இரண்டாம்விதி, தன் முறை வரும்வரை காத்திருத்தல். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 சூலையில், நடுவணரசு வெளியிட்ட நெறிமுறை ஒரு நேரடி இணைய வகுப்பு 30 முதல் 45 நிமிடங்களுக்குள் அமைதல் வேண்டும் என்றது. எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு இரண்டு வகுப்புகளுக்கும், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு வகுப்புகளுக்கும் மிகுதல் கூடாது என்றும் வரையறுத்தது. நாற்பது நிமிட வகுப்பில் நாற்பது மாணவர் இருப்பின், ஒருவர் பங்கிற்கு ஒரு நிமிடமே வரும். ஒருவன் ஐந்து நிமிடம் பேசினால் நால்வரின் பங்கினை எடுத்துக்கொண்டவனாவான். ஆகவே பொருளை விட்டு விலகாது, சுருங்கப் பேசுதல் பிறர்க்கு இழைக்கும் நீதியாகும். பேசாதபோது ஒலிவாங்கியை நிறுத்தி வைத்தலும், பாடக்குழுவில் வாழ்த்துப் படங்களையும் வேடிக்கைப் படங்களையும் அனுப்பாதிருத்தலும் இவ்விதியுள் அடங்கும்.

மூன்றாம்விதி, வினவும் முறையறிந்து வினாதல். நன்னூலார் வினாவினை ஆறாக வகுத்தார். தான் அறிந்ததனைப் பிறர் அறிவாரோ என வினாதல் அறிவினா. தான் அறியாததனை அறிதற்பொருட்டு வினாதல் அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணியாது வினாதல் ஐயவினா. ஒரு பொருளைப் பெறக் கருதி வினாதல் கொளல்வினா. கொடுக்கக் கருதி வினாதல் கொடைவினா. ஒரு செயலைச் செய்யுமாறு ஏவக் கருதி வினாதல் ஏவல்வினா. இவற்றுள் அறிவினா ஆசிரியர்க்கு உரியது. மாணவர்க்குரியன அறியாவினாவும் ஐயவினாவுமே. ஆனால் சில மாணவர், தாம் அறிந்த ஒன்றனை, அறியாத தோழனிடம் பலர் முன்னிலையில் வினவி அவனை விழிக்கச் செய்வர். அது வினாவின் வடிவில் வந்த இகழ்ச்சி. இனி, அறியாததனை வினவுபவனைக் கண்டு ‘இதுகூடத் தெரியாதா?’ என்று நகைத்தலும் பெருங்குற்றம். வினவ அஞ்சும் மாணவன் ஒருவன் உளனாயின், அவ்வகுப்பில் நகைக்கும் மாணவன் ஒருவன் உளன் என்பது தெளிவு.

நான்காம்விதி, கருத்தை மறுத்தலன்றி ஆளை இகழாமை. ஒருவர் மற்றொருவர் கருத்தோடு நிற்கும் நிலைகளை நன்னூலார் எழுவகை மதம் என்று வகுத்துக் காட்டினார். பிறர் கருத்திற்கு உடன்படலாம், அதனை மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னர்க் காரணம் காட்டிக் களையலாம், தானே ஒரு கருத்தை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபட்டவழி ஒன்றனைத் துணியலாம், பிறர் நூலின்கண் உள்ள குற்றத்தைக் காட்டலாம், பிறர் கருத்திற்கு இசையாது தன் கருத்தையே கொள்ளலாம். இவ்வேழனுள் உடன்படுதல் ஒன்று. மாறுபடும் வகையோ பல. ஆகவே மாறுபடுதல் நம் மரபிற்கு மாறானதன்று. ஆனால் குற்றம் காட்டுக என்று கூறியவிடத்தும், நூலின் குற்றத்தையே கூறினாரன்றி நூலாசிரியன் குலத்தையோ, உடலையோ, வறுமையையோ இகழுக என்று கூறினாரல்லர். ‘நீ கூறியது தவறு’ என்பதனோடு ‘ஏனெனில்’ என்னும் சொல்லும் சேர்ந்து வருதல் வேண்டும். காரணமின்றி நிற்கும் மறுப்பு, மானூர்ச் சபையார் தண்டம் விதித்த மறுப்பேயாகும்.

ஐந்தாம்விதி, ஒருவர் பேச்சு வழக்கையும், மொழியையும், ஊரையும் எள்ளாமை. பிழை திருத்த வேண்டுமாயின் அதனைத் தனியே கூறுதல் வேண்டும். சந்தையில் தரகர் துண்டின் மறைவில் கூறும் விலையை இங்கே நினைவுகூர்க. ஆசிரியராகிய எமக்கும் இவ்விதி பொருந்தும். பலர்க்கும் பொதுவாக நிகழும் பிழையாயின், பெயரைச் சுட்டாது பொதுவிற் கூறலாம்.

ஆறாம்விதி, வகுப்பில் நிகழ்ந்ததனை வகுப்பிற்கு வெளியே கொண்டு செல்லாமை. தோழன் குரலையோ, முகத்தையோ, எழுத்தையோ அவன் இசைவின்றிப் பதிவுசெய்தலும், திரையைப் படம்பிடித்தலும், வேறு குழுவிற்கு அனுப்புதலும் கூடா. புறங்கூறாமைக்கு என்றே திருவள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அந்நாளில் புறங்கூறுவோன் வீடுவீடாகச் செல்லவேண்டியிருந்தது. இந்நாளில் இருந்த இடத்திலிருந்தே ஊர் முழுதும் கூறிவிடுகின்றான். தீமை பெருகியதனால் காவலும் பெருகுதல் வேண்டும்.

ஏழாம்விதி, பிறர் நிலையறிந்து நடத்தல். பல வீடுகளில் ஒரே கைப்பேசி உண்டு. அது தந்தையோடு ஆலைக்குச் சென்று, அவர் முறைவேலை முடித்துத் திரும்பிய பின்னரே மாணவன் கைக்கு வரும். சிற்றறையில் அறுவர் வாழும் வீட்டில் குழந்தையின் அழுகையும் பாத்திர ஒலியும் கேட்கும். ஆகவே ஒருவன் காலந்தாழ்த்து விடையளித்தால் அவனைச் சோம்பன் என்று கூறாதீர்கள். ஒருவன் தன் முகத்தைத் திரையில் காட்டாதிருந்தால் வற்புறுத்தாதீர்கள். பின்னணியில் கேட்கும் ஒலியை நகையாடாதீர்கள். இரவு வெகுநேரம் கழித்துக் குழுவில் எழுதுவதனையும் தவிர்த்தல் வேண்டும். அக்கைப்பேசியின் அருகே இரவுவேலை முடித்தவர் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

எட்டாம்விதி, பிழை செய்தவிடத்துப் பொறுத்தருள வேண்டுதலும், பிழை செய்யப்பட்டவிடத்துப் பழிக்குப் பழி வாங்காமையும். பலர் அறிய இகழ்ந்துவிட்டுத் தனியே மன்னிப்புக் கேட்டல் பாதிக் கடனை அடைப்பது போன்றதாகும். இகழ்ந்த இடத்திலேயே அதனைக் கேட்டல் வேண்டும். இகழப்பட்டவன் அதே இடத்தில் வசைக்கு வசை எழுதாது, ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கூறுதல் வேண்டும். அருகிலிருந்து கண்டவனும் வாளாவிருத்தல் கூடாது. ‘இது தகாது’ என்று ஒருவன் எழுதினாலே, ஒன்பதின்மர் சிரிக்காது நின்றுவிடுவர் என்பதனை யான் என் வகுப்பில் கண்டுள்ளேன்.

இவ்விதிகளைப் படித்த சிலர், ‘இவ்வாறு அஞ்சி அஞ்சிப் பேசுவதினும் பேசாதிருத்தலே நன்றன்றோ?’ என வினவக்கூடும். அது பொருந்தாது. வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, அவை அஞ்சாமைக்கும் ஓர் அதிகாரத்தை அதனை அடுத்தே வகுத்தார். அவையின் தன்மையறிந்து அடங்குதலும் வேண்டும். கற்றதனை அவையில் அஞ்சாது கூறுதலும் வேண்டும். விதி பேச்சைத் தடுப்பதற்கு அன்று. அனைவரும் பேசுதற்கு வழி செய்வதற்கேயாம். உரத்த குரலுடையான் விதியில்லாமலும் பேசிவிடுவான். மெல்லிய குரலுடையாளுக்கே விதியின் துணை வேண்டும்.

இனி அம்மாணவி என்ன ஆனாள் என்பதனை அறிய விரும்புவீர்கள். மூன்று நாட்கள் கழித்து அவள் வகுப்பிற்கு வந்தாள்; ஆயினும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் யான் வகுப்பில், “கோழியைக் கன்னடத்தில் என்னவென்று கூறுவர்?” என்று பொதுவில் வினவினேன். சிறிது நேரம் எவரும் விடை தரவில்லை. பின்னர் அவள், “கோளி, ஐயா” என்று எழுதினாள். தெலுங்கு பேசும் மாணவன் ஒருவன், “எங்கள் வீட்டில் கோடி என்போம்” என்றான். “ஏழு?” என்றேன். “கன்னடத்தில் ஏளு” என்றாள் அவள். “தெலுங்கில் ஏடு” என்றான் அவன். பழங்கன்னடத்திலும் ழகரம் இருந்தது என்பதனையும், பிற்காலத்தில் அது மறைந்து பல சொற்களில் ளகரம் அவ்விடத்தைப் பெற்றது என்பதனையும் யான் விளக்கினேன். அவள் நாவில் பிறந்தது அறியாமையால் வந்த ஒலி அன்று. ஒரு மொழி வரலாற்றின் விளைவே என்பதனை அனைவரும் உணர்ந்தனர்.

அதன்பின் வகுப்பு தளிர்த்தது. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாதலை அவளே எடுத்துக்காட்டினாள். பால் என்பது ஹாலு. பத்து என்பது ஹத்து. பல் என்பது ஹல்லு. பாம்பு என்பது ஹாவு. “அப்படியாயின் நம் குந்தாரப்பள்ளியில் உள்ள பள்ளியும், கன்னடநாட்டு ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் ஹள்ளியும் ஒன்றுதானா?” என்று வினவினான் ஒரு மாணவன். முன்னர் அவளைப் பகடி செய்தவன் அவனே. “ஒன்றுதான்” என்று அவளே விடை கூறினாள். 1856ஆம் ஆண்டில் கால்டுவெல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இத்தகைய உறவுகளை ஆராய்ந்த நூலே என்பதனை யான் எடுத்துக் கூறினேன். அவளை நாணி விலகுமாறு விட்டிருந்தோமாயின், அன்றைய பாடம் எங்கட்குக் கிடைத்திராது. ழகரத்தைச் சரியாக ஒலிக்கும் முறையையும் அவள் பின்னர்த் தனியே என்னிடம் கற்றுக்கொண்டாள்.

மாணவர்களே! நாளை நீங்கள் ஊராட்சி மன்றத்திலும், தொழிற்சாலையிலும், நீதிமன்றத்திலும், சட்டமன்றத்திலும் அமர்ந்து பலரோடு கலந்து பேசுவீர்கள். அங்கெல்லாம் உம்மோடு ஒத்த கருத்துடையாரும் இருப்பர். மாறுபட்ட கருத்துடையாரும் இருப்பர். அவர்களோடு பேசிப் பழகும் முறையை இன்று இவ்வகுப்பறையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒன்றனை எழுதி முடித்ததும், அனுப்புமுன், ஒருகணம் நில்லுங்கள். ‘இதனைப் பெறுபவர் என் எதிரே அமர்ந்திருப்பின், அவர் முகத்தை நோக்கி இதனைக் கூறுவேனா?’ என்று உங்களையே கேளுங்கள். கூறுவேன் என்று நெஞ்சம் சொல்லுமாயின் அனுப்புங்கள், அன்றேல் அழித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை விடியலில் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு வரும் பன்மொழி மக்கள் அடுத்த வெள்ளிக்கிழமையும் அங்கே வருகின்றனர். சென்ற முறை தம்மை எவரும் இழிவு செய்யவில்லை என்பதனாலன்றோ மீண்டும் வருகின்றனர்! உங்கள் வகுப்பிற்கும் ஒவ்வொரு மாணவரும் மறுநாள் மகிழ்ந்து வருமாறு உரையாடிப் பழகுங்கள்.